தெருப்பக்கத்துக் கதவு

தச்சரான அத்தான் தனக்கும் அக்காவுக்குமாகக் கட்டுகிற வீடு சாய்ந்துவிட்டதாம். எனக்குச் சொன்னது சித்தி. சித்திக்குச் சொன்னது யாரோ. வெளிநாட்டில் இருப்பவனுக்கு இது போதும். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

வீடு சாயவில்லை. தூணையும் உத்தரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மரமுளை அடித்து இறுக்கிய, இன்னும் சுவர் வைக்காத மரக்கூடு நேராகத்தான் நின்றது. அத்தான்தான் அதன் கீழே சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"விழுந்த வீட்டப் பாக்க விமானம் ஏறி வந்தியாக்கும்?"

"பயந்துட்டேன் அத்தான்."

"நீ எதுக்குத்தான் பயப்படல, மச்சான்?"

பிறகு கையை நீட்டிக் காட்டினார். வாசலுக்கென்று விட்ட இடைவெளியில், தூணிலிருந்து உத்தரத்துக்கு முட்டுக்கொடுக்கும் சாய்வுக் கட்டை தோள் உயரத்தில் குறுக்கே ஏறியிருந்தது. கதவுக்கு அகலம் போதாத ஜன்னல் பக்கம் போயிருக்க வேண்டியது. பட்டறையில் தூணுக்குத் துளை எடுத்தபோது பக்கம் மாறிவிட்டது. உத்தரத்திலும் அதே பிசகு. இரண்டு தப்பும் கச்சிதமாகப் பொருந்தியதால், தூக்கி நிறுத்தும்வரை யாருக்கும் தெரியவில்லை.

"அடுத்தவன் வீட்டு வேலைய முடிச்சிட்டு, மிச்ச உசுருல செதுக்கினது" என்றார்.

"கட்டைய அறுத்துட்டா?"

"காத்தடிச்சா கூடு ஆடும். அப்புறம் நீ கேள்விப்பட்டது நெசமாயிடும்."

இரண்டு மரங்களையும் இறக்கி, புதிதாகச் செதுக்கி, ஆள்களைக் கூட்டி மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் வாசலைச் சந்துப் பக்கம் திருப்ப வேண்டும்.

அக்கா இந்த வீட்டில் கேட்டது ஒன்றுதான்: தெருவைப் பார்த்த கதவு. கல்யாணமானதிலிருந்து அவர்கள் குடியிருந்ததெல்லாம் பிறர் வீட்டின் பின்பக்கத்து அறைகள். குப்பைத்தொட்டியை ஒட்டி, ஒருக்களித்து நுழைந்தே பழகியவள். கட்டையைப் பார்த்த அன்று அவள் சத்தம் போடவில்லையாம். "இங்கயும் சந்துதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாடகை அறைக்குத் திரும்பியவள், அதன்பின் இந்தப் பக்கம் வரவேயில்லை.

"நீ பேசேன் மச்சான். படிச்சவன், பக்குவமா சொல்லுவ."

"என்னன்னு?"

"சந்துப் பக்கமே வச்சுக்கலாமான்னு."

"அத நீங்கதான் கேக்கணும்."

எழுந்தார். சுத்தியலால் தூணின் மரமுளையை ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. அவர் அடித்த முளை, எப்படி அசையும்? தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ தூக்க எனக்குத் தெம்பில்லடா."

போனை எடுத்து அவரே அக்காவின் எண்ணை அழுத்தினார். ஒலியைக் கூட்டி, அருகில் கிடந்த மரத்துண்டின்மேல் வைத்தார். மணி அடித்தது. அவள் எதிரே வந்து நிற்கப்போவதைப்போலச் சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு, தலையைக் கோதிக்கொண்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.