கம்பளியோடு எடுத்த எடை

டிசம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில், ஒரு அறக்கட்டளை நடத்திய முதியோர் மதிய உணவு மையம். அதை மதிப்பீடு செய்வது என் வேலை. ஏப்ரலில் நானே எல்லோருக்கும் எடை பார்த்திருந்தேன். டிசம்பர் எடையை மையத்து ஊழியர் முந்தின வாரமே எடுத்துவைத்திருந்தார். பட்டியலில் எல்லோருக்கும் கூடியிருந்தது. செல்லம்மாவுக்கு மூன்று கிலோ.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். ஏப்ரலில் நூல்சேலையோடு தராசில் ஏறியவர், இப்போது ஸ்வெட்டர், மகனுடைய பழைய கோட்டு, மப்ளர், அதற்கும் மேல் கம்பளி என்று நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டிட்டு ஏறுங்கம்மா."

"குளிரு ஒங்க தராசுக்குத் தெரியாது தொரை, எனக்குல்ல தெரியும்!" என்று சிரித்துக்கொண்டே கழற்றினார்.

ஏப்ரலைவிட இரண்டு கிலோ குறைவு. மற்றவர்களையும் அப்படியே நிறுத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது.

"சாப்பிடுறதில்லையா?"

"குன்னூர்ல ஆக்கி ஜீப்புல ஏத்தி வர்றதுக்குள்ள சோறு வெறச்சுப்போகுதுங்க. எனக்குப் பல்லா இருக்கு? குழம்பக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவேன். அதுக்காக நிப்பாட்டச் சொல்லிறாதீங்க தொரை. மகன் திருப்பூர்ல. லயத்து வீட்டுல ஒத்தையாக் கெடக்கேன். இந்தக் குழம்புதான் ஒரு நாளைக்கு வயித்துல எறங்குது."

நிற்காது என்று சொன்னேன்.

அறக்கட்டளை மேலாளர் என் அறிக்கையின் வரைவைப் படித்துவிட்டு, "ஏனுங்க சார், நல்லா வந்த ரிசல்ட்ட நீங்களே கெடுக்கறீங்க? ஸ்வெட்டர் என்னங்க, கால் கிலோ இருக்குமா?" என்றார். நான் அசையவில்லை. முதல் பக்கத்தில், 'எடை குறைந்துள்ளது. திட்டம் நோக்கத்தை அடையவில்லை' என்று எழுதினேன். சோறு விறைப்பதையும், அங்கேயே குழைய வடித்தால் போதும் என்பதையும் பின்னிணைப்பில், நாற்பத்தோராம் பக்கத்தில் சேர்த்தேன். அறிக்கை அமைப்பு அப்படித்தான்.

பணம் கொடுப்பவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியில் மையத்தைப் பூட்டினார்கள்.

மார்ச்சில் ஒரு நாள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்குப் போனேன். செல்லம்மா வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கம்பளி இல்லை.

"தராசு கொண்டாந்தீங்களா தொரை? இப்ப ஏறுனா முள்ளு அசையாது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எடை குறைந்தது என்று எழுதும் அதே வரியில், ஏன் குறைந்தது, என்ன செய்தால் சரியாகும் என்பதையும் எழுதுங்கள். நான் சரியான எடையை எழுதினேன். அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.