நாலடி கேபிள்

நோலா ஹென்ஷலும் தங்கை எய்லீனும் பேச்சை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஸ்ட்ரீக்கி பே, தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் கையகல ஊர். மீன்கடைக்குள் ஒருத்தி நின்றால், மற்றவள் வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

காரணம் அப்பா. நோலா ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். அப்பாவையும் அவள்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பித்தப்பை ஆபரேஷனுக்காக அவள் அடிலெய்டு போயிருந்தபோது, எய்லீன் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். ஆறாவது வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

1995இல் ஊர்ப் பெண்கள் ஆடும் நெட்பால் கிளப்புக்கு அறுபது வயது. வரலாறு எழுத வேண்டும் என்றார்கள். முதல் முப்பது வருஷத்தை நோலாவிடமும், மீதியை எய்லீனிடமும் ஒப்படைத்தார்கள். இன்னொருத்தி யார் என்று இருவருக்குமே சொல்லவில்லை. தெரியவந்தபோது பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனசில்லை.

இரண்டையும் சேர்க்கும்போதுதான் சிக்கல். இருவரும் கம்ப்யூட்டரில்தான் எழுதியிருந்தார்கள். நோலாவின் பழைய லேப்டாப்பில் பிளாப்பி போடும் இடம் பழுதாகி, எழுதியதை வெளியே எடுக்க வழியில்லாமல் கிடந்தது. தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்ற மெர்வ் வந்து பார்த்தார்.

"ரெண்டு மிஷினையும் கேபிளால கோத்துட்டா, உன் டிரைவ் அவளுக்கு அவ டிரைவ் மாதிரியே தெரியும், நோலா."

"பிரிண்டர் கேபிள் இருக்கே, அது ஆகாதா?"

"அது முனையே பொருந்தாது. உள்ளே கம்பிகளை மாத்திப் போடணும். நான் பத்த வெச்சுத் தர்றேன்."

சனிக்கிழமை காலை கிளப் அறைக்கு அவர் கொண்டுவந்த கேபிள் நாலே அடி.

"இவ்வளவுதானா?" என்றாள் நோலா.

"கையில இருந்தது அவ்வளவுதான். பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்கவா போகுது?"

எய்லீன் தன் பெரிய கம்ப்யூட்டரைக் கார் டிக்கியில் ஏற்றி வந்திருந்தாள். இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். மெர்வ் கேபிளைச் செருகி, நிரலை ஓடவிட்டு, டீ போடப் போய்விட்டார். வெளியே மைதானத்தில் விசில் சத்தம். நோலாவின் லேப்டாப் வேறு எதற்கும் அசையாமல் காத்துக் கிடந்தது. எய்லீன் திரையில் நோலாவின் கோப்புகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின.

அப்போதுதான் நோலாவுக்கு அது ஞாபகம் வந்தது. அத்தியாயங்களுக்குக் கீழே 'எய்லீன்90' என்று ஒன்று. அப்புறம் 91, 92. 'எய்லீன்95' வரை ஆறு.

எய்லீன் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். "இது என்னடி?"

"ஒண்ணுமில்ல. அதை விடு."

"என் பேர் போட்டிருக்கு."

"உன் பிறந்தநாளுக்கு எழுதினது. அனுப்பல."

"வாழ்த்தா?"

"திட்டு. கொஞ்சம் வாழ்த்தும் இருக்கும்."

எய்லீன் எதையும் திறக்கவில்லை. "காப்பி பண்ணிக்கவா?" என்றாள், தணிந்த குரலில்.

கேபிளைப் பிடுங்கிவிட ஒரு கை எட்டினால் போதும். நோலா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "பண்ணிக்கோ."

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. ஏன் கொடுத்தோம் என்று நோலா தன்னையே நொந்துகொண்டாள். ஐந்தாம் நாள் எய்லீன் கதவைத் தட்டினாள். கையில் அச்சடித்த கடிதங்கள், அங்கங்கே சிவப்பு மை. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவளின் புத்தி.

"தொண்ணூத்திரண்டு கடிதத்துல பொய் எழுதியிருக்க, நான் காரணமே இல்லாம அப்பாவைக் கொண்டுபோய் விட்டேன்னு. நீ அடிலெய்டுல இருந்தப்ப அப்பா ராத்திரி ரெண்டு தடவை விழுந்தாரு. என்னால தூக்க முடியல. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கினேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீ கேட்டியா? வந்ததும் கத்தினே."

அன்று சாயங்காலம் வரை சண்டை போட்டார்கள். ஒன்பது வருஷத்துச் சண்டை அது. நடுவில் நோலா இரண்டு முறை டீ போட்டாள், ஒரு முறை அழுதாள். எய்லீன் அழவில்லை. கிளம்பும்போது, "அந்த இல்லத்துக்கு தினமும் போனேன். அதையும் எங்கேயாவது எழுதிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பரில் புத்தகம் வந்தது, அட்டையில் இருவர் பெயரோடும். எந்தப் பெயர் முதலில் என்பதற்கு ஒரு வாரம் தகராறு நடந்தது. ஆனால் அந்தத் தகராறு நோலாவின் சமையலறை மேஜையில், ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து நடந்தது.