வீட்டுக்காரர் வீட்டில் இல்லை

பேச்சைத் தொடங்கியவர் பெரியம்மா. பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். வெயிலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்றும் சொன்னார். தங்கை மகள், பேனலில் தூசு படிந்திருக்குமோ என்று கேட்டாள். பெரியம்மா சிரித்தார். இருபத்திரண்டு வருடம் ஊரார் வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டியவரிடம் போய்த் தூசு பற்றிக் கேட்டால் வேறென்ன செய்வார்? சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேனல் வயரை யாரோ கழட்டி வெச்சிருக்காங்கடி."

"எலி கடிச்சிருக்கும் பெரியம்மா."

"கழட்டின முனையில டேப் சுத்தியிருக்கு. எலிக்கு டேப் ஏது?"

இருவரும் சிரித்தார்கள். திருடனாக இருக்குமோ என்று அவள் கேட்டாள். திருடன் பேனலையே தூக்கிக்கொண்டு போயிருப்பானே, உட்கார்ந்து டேப் சுற்றிக்கொண்டா இருப்பான் என்றார் பெரியம்மா. போன் அணையப் போகிறது, அதற்குள் உன் அண்ணன் கூப்பிட்டால் தேவலை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கவலைப்பட வைத்தது. பெரியம்மாவின் வீடு தெருவின் கடைக்கோடியில், மின்கம்பி எட்டாத இடத்தில் இருந்தது. மூன்று விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு கைபேசி, எல்லாமே அந்த ஒரு பேட்டரியை நம்பித்தான் உயிர் வாழ்ந்தன. வேறு ஊரில் இருக்கும் மகன் தினமும் மாலை ஏழு மணிக்குக் கூப்பிடுவான். போன மாதம் இரண்டு முறை போன் அணைந்து கிடந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் வண்டி எடுத்து வந்து அம்மாவையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன். பெரியம்மாவுக்கோ அந்த வீட்டை விட்டு நகர மனமில்லை.

தங்கை மகளுக்குக் கருவிகளோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் எழுதும் வேலை. வாய் திறந்து பேசுவதை விட எழுதுவது அவளுக்குச் சுலபம். அன்று ஞாயிற்றுக்கிழமை, உடனே பஸ் பிடித்துப் போனாள். பெரியம்மா கையில் வோல்ட் மீட்டரோடு கதவைத் திறந்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பேட்டரி பதினொன்று புள்ளி நான்கு வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. பேனலின் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டியிலும் குறையில்லை. டேப்பைப் பிரித்து, பேனலிலிருந்து வரும் வயரில் மீட்டரை வைத்தபோதுதான் பெரியம்மாவின் முகம் மாறியது. உச்சி வெயிலில் இருபது வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு காட்டியது.

மாடிக்குப் போனார்கள். பேனல் மேல் ஒரு சாம்பல் நிறப் போர்வை. நான்கு மூலைக்கும் நான்கு செங்கல். ஒரு சுருக்கம் இல்லாமல், முகத்தை மூடிக் கிடத்திய ஆளைப் போல அது வெயிலில் கிடந்தது.

"போர்வை என்னுது. பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தது," என்றார் பெரியம்மா.

வெயில் படுகிறவரைக்கும் பேனல் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதனால் வயரைத் தொடுவதற்கு முன் அதை மூடிவிட வேண்டும். முதலில் பேனல் வயர், அப்புறம்தான் பேட்டரி வயர். மாற்றிக் கழற்றினால் கன்ட்ரோலர் பெட்டி புகைந்துவிடும். வந்தவன் இதெல்லாம் தெரிந்தவன் என்று பெரியம்மா சொன்னபோது, குரலில் பயத்தோடு ஒரு மெச்சுதலும் இருந்தது. பிரித்த டேப்பை எடுத்துக் காட்டினார். அடுத்த முறை சுலபமாக உரிக்க வசதியாக, அதன் நுனி காது போல மடித்து விடப்பட்டிருந்தது.

"இப்படி நான்தான் மடிப்பேன். எவனோ என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கான்."

போர்வையை எடுத்து, வயரை மாட்டி, மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். சாவியைப் பெரியம்மா கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். ஏழு மணிக்கு மகன் கூப்பிட்டபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் மறுபடி அணைந்தது. அண்ணனிடம், அங்கே டவர் வேலை செய்யவில்லையாம் என்று அவள் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையிலேயே ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி கழுத்தில் இருந்தது. மேலே போர்வை, நான்கு செங்கல்.

பெரியம்மா ஒரு பேனல் கடையில் தரை துடைக்கப் போனவர். பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். ஒரு மழைக்காலத்தில் ஆள் வராத நாளில் ஏணியில் ஏறியவர்தான், பிறகு இறங்கவே இல்லை. வாடிக்கையாளர்கள் வைத்த பேர் வெயிலக்கா. பெரியப்பா பஸ் ஓட்டுநர். மலைப்பாதையில் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்வார், ஏணியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். விடுமுறை நாட்களில் மனைவிக்காக ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் நிற்பார்.

வெயிலக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்த வீடு ஒவ்வொன்றிலும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிடுவார். தேதி, நேரம், வோல்ட், செய்த வேலை, வீட்டுக்காரர் கையெழுத்து. கையெழுத்து விழாதவரை அவர் கணக்கில் வேலை முடியவில்லை. திரும்பத் திரும்பப் போய் நிற்பார். சொந்த வீட்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. அதில் பெரியப்பா மந்திரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாராம்.

பெரியம்மா போர்வையை எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது அவள் அந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். பெரியப்பாவின் கையெழுத்து ஒன்பது வருடத்துக்கு முன் அவரோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்காரர் கட்டத்திலும் பெரியம்மாவே போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் மை புதிதாக இருந்தது.

"பகல் 12.30. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பேனலை மூடி, வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். பியூஸ் வாங்கி வந்து மாட்ட வேண்டும். வீட்டுக்காரர் வீட்டில் இல்லை."

சில நாள் விட்டு மறுபடி அதே வரிகள். அதற்குக் கீழே மறுபடியும். மொத்தம் ஆறு முறை. எல்லாம் பகல் பன்னிரண்டரை. எல்லாம், தேதியில் வரும் ஏழின் நடுவில் ஒரு கோடு இழுக்கும் பெரியம்மாவின் அதே கை. கையெழுத்துக் கட்டம் ஆறும் வெறுமையாக இருந்தன. பேட்டரி இறங்கியிருப்பதால் அந்த ஆள் வருகிறார், அவர் வந்து போவதால் பேட்டரி இறங்குகிறது என்பது அவளுக்கு நின்ற இடத்திலேயே புரிந்தது. சமையலறை வாசலில் யாரோ வந்து, உள்ளே நுழையாமல் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தலைக்கு மேலே, கூரையில், பெரியம்மாவின் காலடிச் சத்தம் மெல்ல ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது.

இறங்கி வந்த பெரியம்மா கை கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "நோட்டைப் பார்த்துட்டியா? என் கையால யாரோ எழுதறாங்க," என்றார்.

அவள் நோட்டை மூடி ஆணியில் மாட்டினாள். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தகவல் தராமல், பகல் பன்னிரண்டு மணிக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. தெருவில் ஒரு குருவிகூட இல்லை. சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பின்பக்கத்திலிருந்து பெரியம்மா வந்தார். காலில் ஷூ, தோளில் கருவிப் பை. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உறவு எதுவும் இல்லை. மரியாதை மட்டும் இருந்தது.

"வீட்டுக்காரம்மா நீங்கதானா? நல்லதாப் போச்சு. ஆறு நடை நடந்துட்டேன்மா, ஒரு தடவை கூட ஆள் இல்ல."

"ஆமா, வெளியூர் போயிருந்தேன்," என்றாள்.

"பேட்டரி பாக்கலாமா?"

"பாருங்க."

பெரியம்மா பெட்டியிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு, கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்து, மேலே போய் வந்தார். வயரைக் கழற்றினார், டேப் சுற்றினார், நுனியை மடித்தார். விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வேலை செய்துகொண்டே, எதிர்வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவது போல, இந்த வீட்டில் முன்பு ஒரு பஸ்காரர் இருந்தார், ஏணிக்குப் பயப்படுவார், அவர் எங்கே போய்விட்டார் என்று விசாரித்தார். தெரியவில்லை என்றாள் அவள். நல்ல மனுசன் என்றார் பெரியம்மா. பிறகு நோட்டில் எழுதி, பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"பியூஸோட நாளைக்கு வரேன்மா. அதுவரைக்கும் போர்வைய எடுக்காதீங்க."

முன்வாசல் வழியாகப் போய்க் கதவை மெல்லச் சாத்தினார். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டருகே நின்று, அடுத்த வீடு எது என்று யோசிக்கிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்தார். நிழலே இல்லாத வெயிலில் வெகுநேரம் அப்படியே நின்றார். அப்புறம் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார். பையைக் கழற்றி மாட்டினார். ஷூவைக் கழற்றினார்.

"எப்படி வந்த? கதவைத் தட்டவே இல்லையே," என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனவரின் கண் நோட்டில் விழுந்தது. புது வரிக்கு எதிரே, முதல் முறையாக நிரம்பியிருந்த கட்டத்தில், தங்கை மகளின் கையெழுத்து.

படித்தார். மறுபடி படித்தார். விரல் நுனியில் ஒட்டியிருந்த டேப் பசையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ எதை முதல்ல கழட்டினா?"

"பேனல் வயரைத்தான் பெரியம்மா."

"அப்ப சரி."

அவரே மாடிக்குப் போய்ப் போர்வையை எடுத்து வந்தார். அவரே வயரை மாட்டினார். ஏழு மணிக்கு மகன் கூப்பிட்டபோது, வீட்டில் ஒரு ஆள் வந்து போகிறாள், அவளைத் தனியாக விட முடியாது, வண்டியை அடுத்த மாதம் கொண்டு வா என்று அவரே சொன்னார். மகன் யார், என்ன என்று பதறிக் கேட்டதற்கு, வந்த பிறகு சொல்கிறேன் என்று முடித்துவிட்டார். அந்த ஒரு மாதமும் கூடவே இருக்கிறேன் என்று தங்கை மகள் சொன்னாள். பெரியம்மா தலையசைத்தார். விளக்கைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டுக்கொண்டார்:

"அவ வந்தா பெரியம்மான்னு கூப்பிட்டுடாதடி. கையில வயர் இருக்கும், திடுக்கிட்டுப் போயிடுவா. நீ வீட்டுக்காரியாவே இரு. கையெழுத்துப் போட்டு அனுப்பிடு."