மைக் பிடித்த கோல்கீப்பர்

என் வீட்டுக்காரர் வெளிமாநில கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடிய கோல்கீப்பர். முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து, எங்கள் வீட்டு சோபாவைக் காவல் காக்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் காத்தார். என்னால்கூட அதில் உட்கார முடியவில்லை.

அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் என் அண்ணன், வயல்காரர்களிடம் பேசி வேலை பிடிக்க இவரைக் கூட்டிப்போனார். அவர்கள் பேசினார்கள், இவர் தலையாட்டிவிட்டு வந்தார். அந்த உத்தியோகம் ஒரு குறுவை அறுவடையைத் தாண்டவில்லை. டிவியில் பந்தைக் கண்டால் சேனலை மாற்றுவார். பேச்சு குறைந்து குறைந்து "ம்" என்பதில் வந்து நின்றது. வெளியே கேலி செய்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அதிராம்பட்டினத்தில் கோடைக் கால்பந்துப் போட்டிக்கு வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். சாயங்காலமானால் ஊரே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும். அது பேசுகிற வேலை என்று எச்சரித்தேன். "ம்" என்றார். நானும் கூடவே போனேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் பேசினார். பிறகு உள்ளூர் அணியின் கோல் பக்கம் பந்து வந்தது.

"லெப்ட்ல ஆளு வர்றான் பாரு. நாலாம் நம்பர், பின்னாடி போ. கீப்பர், வெளிய வராத," என்று ஒலிபெருக்கி அலறியது. நாலாம் நம்பர் பின்னால் போனான். கீப்பரும் நின்றான்.

இடைவேளையில் வெளியூர் அணி மேடையைச் சூழ்ந்துகொண்டது. பாவம், இவருக்கு ஓரவஞ்சனை தெரியாது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய கோலையும் அதே அக்கறையோடு காத்துக்கொடுத்தார். கூட்டம் ஒரு கோலும் பார்க்காமல் வீட்டுக்குப் போனது.

போட்டியை நடத்திய பெரியவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "நாளைலேர்ந்து மைக் வேணாங்க சார்," என்றார். இவர் முகம் தொங்கிப்போனது. பெரியவர் இவர் தோளில் கை போட்டார்.

"நம்ம டீமுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்குடுங்க. உங்க குரலுக்கு மைக் எதுக்கு?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. விடவில்லை. யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று பட்டுக்கோட்டை வரைக்கும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பக்கத்து சீட்டுக்காரர் தலையை இரண்டு தடவை காப்பாற்றிக்கொண்டார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்புறம்? சொல்லுங்க," என்றேன்.