மலையடியில் ஆட்கள் இருக்கிறார்கள்

மலையடியில் குடியிருப்பே இல்லையென்று குவாரிக் கம்பெனி அனுமதி விசாரணையில் சாதித்தது. அங்கேயே வசிக்கும் பெண் கிரேன் ஓட்டுநர் எடுத்த படங்களிலோ, வானம் பளிச்சென்று விழுந்து வீடுகள் கறுத்துப்போயின. வானத்தை மட்டும் மங்கவைக்கும் ஃபில்டர் தேடிக் கேமராக் கடைக்கு வந்தாள். கடைப் பையன் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதான் நல்லா போகுதுக்கா. கறுப்பும் தெளிவும் கோடு போட்ட மாதிரி பிரியும். கடலை எடுக்கிறவங்க எல்லாரும் இதான் வாங்குறாங்க."

வாசலுக்கு வந்து பிடித்துப் பார்த்தாள். எதிர்க்கட்டடத்தின் மாடி கத்தியால் வெட்டியதுபோல் கறுத்தது.

"கடல் நேரா கிடக்கும் தம்பி. மலையை ஸ்கேல் வச்சா வரைஞ்சிருக்கு? கறுப்பு மெல்ல மெல்லக் கரையிறதைக் குடுங்க."

"வீடு இருட்டா விழுந்தாலும் ஒரு அழகுதான்க்கா."

"அழகுக்கு இல்ல. நாங்க இருக்கோம்னு காட்ட."

மாலையில் எடுத்த படத்தில் வானம் அடங்கியிருந்தது. கொடியில் காயும் அவள் சீருடைகூடத் தெரிந்தது. நாளை விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டப்போகிறாள்.