மாமனுக்கு ஆறட்டும்

எனக்கு வந்த நோயை விட, அதன் பெயரை நாலு பேர் நடுவில் சொல்ல முடியாததுதான் பெரிய தொந்தரவு. பவுத்திரம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து, உடைந்து, ஆறியதுபோலப் பாசாங்கு பண்ணி, மறுபடியும் சீழ் வைக்கும். எழுபதுகளில் நான் தேனியில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தேன். மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவதுதான் அந்தத் தொழிலில் பாதி. உட்கார முடியாத கமிஷன்காரனை நம்பி எவன் பருத்தி கொண்டு வருவான்?

மதுரைக்குப் போய் ஆப்பரேஷன் செய்துகொண்டேன். மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொன்ன செய்தியில் மறுபடியும் மயக்கம் வரப் பார்த்தது. புண்ணைத் தைக்கவில்லையாம், திறந்தே விட்டிருக்கிறாராம். "உள்ளேயிருந்து மேலே ஆறி வரணும். தைச்சா மேல் தோல் மூடிக்கும், உள்ளே சீழ் தங்கும். திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்றார். வாய் தைக்காமல் மூட்டையை லாரியில் ஏற்றுகிற ஆளை நான் என் கடையில் வைத்திருக்க மாட்டேன். ஆனால் அப்போது குப்புறப் படுத்திருந்தேன், எதிர்த்துப் பேச வாட்டமாக இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, அலுமினியப் பேசினில் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர்தான் என் ஆசனம். வேறெங்கும் அழுத்தி உட்காரக் கூடாது. எழுந்து துடைத்ததும் மனைவி மருந்துத் துணி வைத்துக் கட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

ஊருக்கு "இடுப்புப் பிடிப்பு" என்று சொல்லிவைத்தோம். அதுதான் வினையாகப் போயிற்று. கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பக்கத்து இரும்புக்கடைக்காரர் என் மேல் உள்ள பிரியத்தில் அப்படிப் பிறந்த ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். லோடுமேன், ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "குப்புறப் படுங்கண்ணே, ஒரே மிதி" என்றார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மனைவிதான் காப்பி கொடுத்து அவரை அனுப்பிவைத்தாள்.

இந்த நேரம் பார்த்து என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வந்தது. அவளை மார்க்கையன்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தோம். வெகு காலம் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்த பையன். அத்தனை வருஷமும் மாமியாரிடம் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் உட்காரவில்லை என்றால், பிறந்த வீட்டில் அவளை மதிக்கவில்லை என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். டாக்டர் கிடக்கிறார், உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மனைவியோடும் சீர்த்தட்டுகளோடும் பஸ் ஏறினேன். நின்றுகொண்டேதான் போனேன்.

அங்கே ஜமுக்காளம் விரித்து மணை போட்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். நான் நின்றதால் வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை.

"மாமன் நிக்கிறப்ப நாங்க எப்பிடி உக்கார்றது?" என்று கூட்டமே நின்றது. காது குத்த வந்த ஆசாரியும் நின்றார். சரி, ஆனது ஆகட்டும் என்று முழங்காலை மடக்கினேன். பாதி தூரம் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

தங்கச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வேணாம்ணே." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணனுக்கு இடுப்புல ஒண்ணுமில்ல. பவுத்திரம். ஆப்பரேசன் பண்ணி, புண்ணு ஆறாம வந்து நிக்கிறாக. மதினி எல்லாம் சொல்லிட்டாக. உக்காந்தா காயம் கெட்டுப்போகும். பேசுறவுக என்னையப் பேசிக்கங்க, அவுகள ஒண்ணும் சொல்லாதீக."

எனக்கு மானம் கப்பலேறியது. ஆனாலும் அந்த வீட்டில் என் தங்கச்சி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. முதல் தடவையாகப் பேசினாள், அதுவும் எனக்காக.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா தம்பி இம்புட்டு மறைச்சீக? காது எங்கிட்டும் ஓடிப்போகாது. மாமனுக்கு ஆறட்டும், அப்பறம் குத்திக்கிருவோம். ஏலே, எலையப் போடுங்கடா!"

கறிச்சோறு சாப்பிட்டவர்கள் சோற்றோடு செய்தியையும் சுமந்துகொண்டு நாலா பக்கமும் போனார்கள். அதன் பிறகு எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் என் புண்ணுக்காகக் காத்திருந்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாதவர் "ஆறிருச்சாண்ணே?" என்பார். உத்தமபாளையம் கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா, "உள்ளருந்துதான ஆறுது?" என்று குறுக்கு விசாரணை செய்தார். பருத்தி கொண்டு வருகிறவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் விலையைக் கேட்டார்கள். ஆசாரி தேனிக்கே வந்து, வேறு வேலை ஒப்புக்கொள்ளலாமா என்று விசாரித்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து டாக்டர் விலாசம் கேட்டவர்களும் உண்டு. அவர்களை நான் உட்காரச் சொல்லவில்லை.

ஒருவழியாக டாக்டர் பார்த்துவிட்டு, அடியிலிருந்து சுத்தமாக ஆறிவிட்டது என்றார். மறுபடியும் நாள் குறித்தார்கள். முதல் தடவையை விடக் கூட்டம் அதிகம். ஆனால் பிள்ளையின் காதை யாரும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்கள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக மணையில் உட்கார்ந்து, மருமகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"வலிக்குதாண்ணே?" என்றாள் தங்கச்சி.

"இல்லத்தா."

மாமியார்தான் முதலில் குலவை போட்டார். வீட்டிலிருந்த பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பயந்துபோய் வீறிட்டது. ஆசாரி இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை.