தானாக அடித்த ஹோர்ன்

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் கார் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டனுப்பினார். அவருடைய கணவரை விசாரணைக்கென்று யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருடமாகியிருந்தது. கணவரின் பழைய கார் முற்றத்தில் நின்றது. அவர் திரும்பி வந்தால் கார் ஓட வேண்டுமென்று அக்கா பற்றரியைச் சார்ஜ் பண்ணுவித்து வைத்திருந்தார்.

“தம்பி, ஹோர்ன் தானா அடிக்குது. பக்கத்து வீட்டாக்கள் பயப்படுகினம்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “இவர் வீட்டுக்கு வந்தா இப்பிடித்தான் ரெண்டு தரம் அடிப்பார். நான் ஓடிப்போய் கேற்றைத் திறப்பன்.”

பொனற்றைத் திறந்தேன். ஹோர்னுக்கு மின்சாரம் விடும் ரிலே கடற்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அதைக் கழற்றி அவரிடம் காட்டினேன்.

“உப்புக்காத்து அக்கா. ஈரம் பட்டா உள்ளுக்கு ஒட்டிக்கொள்ளும். அதுதான் அடிச்சிருக்கு.”

“அப்ப அது அவர் இல்லையா?” என்றார்.

தலையைக் குனிந்து ரிலேயைத் துப்புரவாக்கத் தொடங்கினேன்.

அப்போது ஹோர்ன் அடித்தது. இரண்டு தரம்.

ரிலே என் கையில் இருந்தது. அது இல்லாமல் ஹோர்ன் அடிக்க வழியில்லை.

அக்கா ஓடிப்போய் கேற்றைத் திறந்தார். நடு மத்தியானம், வெளியே ஒழுங்கையில் ஒருவருமில்லை.

வேறெங்காவது வயர் உரசியிருக்கலாம். எந்தப் பழுதையும் காரணம் காணாமல் விடாத நான், அன்று தேடவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்று நானும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேற்றை மூடவில்லை. மூடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.